பெங்களூருவில் 'அன்கட்' பேய்ப்படம்: பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படிங்க

இந்திராநகர் பக்கம் ஒரு மொட்டைமாடி கஃபேயில் சனிக்கிழமைதோறும் படம் போடுகிறார்கள். "ஈவில் டெட் 2013, அன்கட், 4கே" என்று இன்ஸ்டாகிராமில் கொட்டை எழுத்தில் விளம்பரம். அதாவது ஒரு காட்சியும் வெட்டாமல், படு தெளிவான தரத்தில். தலைக்கு 799 ரூபாய். தனி ஆள் ஒருவரின் யுபிஐக்கு அனுப்பணும், நோட்டில் 'ஃபுட்' என்று எழுதணும். இந்த 'ஃபுட்' விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

படம் தெரியாதவர்களுக்கு: சாம் ரைமி 1981இல் சொற்பக் காசில் எடுத்ததை, 2013இல் ஃபெடே ஆல்வரெஸ் மறுபடி எடுத்தார். தயாரிப்பாளர்களில் ரைமியும் ஒருவர். பழசில் ஐந்து பேர் ஜாலியாகக் காட்டு வீட்டுக்குப் போவார்கள். புதுசில் மியா என்கிற பெண்ணின் ஹெராயின் பழக்கத்தை விடவைக்கக் கூட்டிப்போகிறார்கள். அதனால் அவள் பயந்து கத்தும்போதெல்லாம், போதை கிடைக்காத அவஸ்தை என்றே கூட இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே ரீமேக் எனக்கு ஒரு படி மேல் (பழைய ரசிகர்கள் திட்டலாம்). கம்ப்யூட்டர் வித்தையை முடிந்தவரை ஒதுக்கி, மேக்கப்பும் செயற்கை ரத்தமுமாக எடுத்த படம். கடைசியில் வானமே ரத்தமாகக் கொட்டும். அதையெல்லாம் நறுக்கிவிட்டுக் காட்டுவது, குஸ்காவைப் போட்டுவிட்டு மட்டன் பிரியாணிக்குக் காசு வாங்குகிற கதை.

அங்கே நடந்தது அதுதான். நாக்கைக் கிழிக்கும் காட்சி வரவே இல்லை. நேடலி மின்சாரக் கத்தியைக் கையில் வைத்ததும் 'கர்ர்' என்று கிளம்பிய சத்தம் பாதியில் அறுந்து, அடுத்த நொடி படம் எங்கேயோ நின்றது. மேல் மூலையில் ஏதோ டிவி லோகோவை மங்கலாக்கிய சதுரம், படம் முழுக்க. 'ஏ' சான்றிதழ் படத்தை நம்ம ஊர் டிவியில் அப்படியே போட முடியாது, வெட்டித்தான் போடுவார்கள். அந்த ரெக்கார்டிங்கைத்தான் 4கே என்று ஓட்டியிருக்கிறார்கள். பெயர்கள் ஓடும்போது லேப்டாப்பில் யாரோ மவுஸை அசைக்க, கீழே மொத்த நேரம் தெரிந்தது: 1:17, அதாவது 77 நிமிஷம். அமெரிக்கத் தியேட்டரில் வந்தது 91 நிமிஷம்.

நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டு, நடத்துகிற பையனும் தமிழுக்கு மாறினான். "அண்ணா, இந்தியாவுல சென்சார் பண்ணதைத்தானே போட முடியும்?"

"அப்புறம் அன்கட்னு எதுக்குத் தம்பி போட்டீங்க?"

"அது மார்க்கெட்டிங்ணா."

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்க ஃபுட்டுக்குத்தானே அனுப்பியிருக்கீங்க, பாப்கார்ன் வந்துச்சுல்ல?" எவ்வளவு யோசித்து வைத்த பதில் பாருங்க. பதிவுக்குக் கீழே கேள்வி கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

பொது இடத்தில் காசு வாங்கிப் படம் போட்டால் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம், ஆரம்பத்தில் திரையில் அதைக் காட்டவும் வேண்டும். இங்கே காட்டவில்லை. வாரியமே வெட்டில்லாமல் அனுமதித்திருந்தாலோ, அரசு விலக்கு பெற்ற திரைப்பட விழாவாக இருந்தாலோ ஒழிய 'அன்கட்' என்று யாரும் விற்க வழியில்லை. எங்கள் முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் வேறு. வாசலில் யாரும் வயசு கேட்கவில்லை.

விளம்பர ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, அந்த 1:17 போட்டோ மூன்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அன்றைக்கு வந்திருந்தவர்கள் ரசீதை அழிக்காமல் நீங்களும் பதியுங்க. தனியாளாகப் போனால் 'ஃபுட்' என்றுதான் பதில் வரும்.

நண்பன் கணக்கிலிருந்து பார்த்தேன். அடுத்த சனிக்கிழமைக்கு இன்னொரு ரத்தக்களறி ரீமேக் போட்டிருக்கிறார்கள். அதுவும் அன்கட்தானாம், 899 ரூபாய்.