அஸ்ட்ரோ டைமர் வாங்கலாமா?

வாசல் விளக்கு, பெயர்ப்பலகை விளக்கு, வளாக விளக்கு ஆகியவற்றைப் பொழுது சாயும்போது போட்டு விடியும்போது அணைக்க இரண்டு சாதனங்கள் உண்டு. ஒன்று வெளிச்சத்தைப் பார்த்து இயங்கும் சென்சார். இன்னொன்று அஸ்ட்ரோ டைமர். இது வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை. தேதியையும் இடத்தையும் வைத்து உதயம், அஸ்தமனம் எப்போது என்று கணக்குப் போடுகிறது. இங்கே பேசுவது டின் ரெயிலில் (மின்பெட்டிக்குள் சாதனங்களை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டும், ஒற்றைச் சேனல், 16 ஆம்பியர் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொண்ட வகையைப் பற்றி.

அட்சரேகை 25 டிகிரிக்கு மேல் என்றால் தயங்காமல் வாங்கலாம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்றால், நாம் வைத்த மணிக்கு இயங்கும் சாதா டைமரே பெரும்பாலும் போதும். நிலநடுக்கோட்டில் பகல் ஆண்டு முழுக்க 12 மணி 7 நிமிடத்தை ஒட்டியே இருக்கும். 10 டிகிரியில் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 42 நிமிடம், மிகக் குறுகியது 11 மணி 32 நிமிடம். சாதா டைமரை வருடத்தில் மூன்று நான்கு முறை திருத்தினால் சமாளித்துவிடலாம். 30 டிகிரியில் பகலின் நீளம் 14 மணிக்கும் 10 மணிக்கும் இடையே ஆடும். 50 டிகிரியில் 16 மணி 20 நிமிடத்துக்கும் 8 மணிக்கும் இடையே. 60-ல் ஜூனில் ஏறக்குறைய 19 மணி, டிசம்பரில் 6 மணிக்கும் குறைவு. அங்கே கையால் திருத்திக்கொண்டிருப்பது வேலைக்காகாது.

கணக்கில் இந்த டைமர்கள் தவறுவது அபூர்வம். தவறுவது நாம் கொடுக்கும் எண்களில்தான்: தேதியும் மணியும், அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம்.

தீர்க்கரேகையில் கிழக்கு, மேற்கு மாறினால் முதல் நாளே குட்டு உடைந்துவிடும். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்பதால், 78 கிழக்கு என்பதற்கு மேற்கு என்று போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். அட்சரேகையில் வடக்கு, தெற்கு மாறுவதுதான் வில்லங்கம். மார்ச், செப்டம்பர் சம இரவு நாள்களை ஒட்டிப் பொருத்தினால் எல்லாம் சரியாகவே ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஜூனிலோ டிசம்பரிலோதான் தெரியும்: 35 டிகிரியில் காலையிலும் மாலையிலும் தலா 2 மணி 20 நிமிடம் பிசகியிருக்கும். அதனால் பொருத்திய அன்றே தேதியை ஜூன் 21 என்று மாற்றி, திரையில் வரும் உதய அஸ்தமன நேரங்களைப் பாருங்கள். வடக்கு அரைக்கோளத்தில் பகல் நீண்டிருக்க வேண்டும். பார்த்தபின் தேதியைத் திரும்பச் சரிசெய்ய மறக்காதீர்கள்.

தீர்க்கரேகையும் நேர மண்டலமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க உச்சிவேளைக் கணக்கு இருக்கிறது. உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நட்ட நடு நேரத்தை எடுங்கள். யூடிசி (உலகப் பொது நேரம்) +5:30 மண்டலத்தின் மைய ரேகை 82.5 கிழக்கு. நம் இடம் 78 கிழக்கு என்றால் வித்தியாசம் 4.5 டிகிரி, அதாவது 18 நிமிடம். ஆகவே உச்சி சராசரியாக 12:18-க்கு வர வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் 12:02-க்கும், பிப்ரவரி நடுவில் 12:32-க்கும் வந்தால் பதற வேண்டாம். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது என்பதால் வரும் ஆட்டம் அது. 10 டிகிரி வடக்கில் மிக முந்திய அஸ்தமனம் டிசம்பர் 21-ல் வராமல் நவம்பர் நடுவிலேயே வந்துவிடுவதும் இதனால்தான்.

அரை மணி மண்டலங்களை ஏற்காத மலிவு மாடல்களும் உண்டு, +5 அல்லது +6 மட்டும்தான். வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள். அப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டால், மண்டலத்தை +5 என்று வைத்து, தீர்க்கரேகையில் 7.5 டிகிரி குறைத்துப் போடுங்கள் (78-க்குப் பதில் 70.5). நேரம் சரியாகிவிடும்.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் கோடைநேர மாற்றம் இன்னொரு கண்ணி. ஐரோப்பியச் சந்தைக்கான மாடல்களில் அது ஆன் ஆகியே வருவதுண்டு. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும். டைமர் சூரிய நேரத்தையும் கூடவே நகர்த்துவதால் அந்தி விளக்கு பிசகாது, இரவு 11 மணிக்கு அணைப்பது போன்ற நிலையான நேரங்கள்தான் பிசகும். அதைப் பார்த்துக் கடிகாரத்தை மட்டும் கையால் பின்னுக்குத் தள்ளினால் அந்தி விளக்கும் கெட்டுவிடும். கோடைநேரம் இல்லாத நாட்டில் அந்த அமைப்பையே அணைத்துவிட வேண்டும்.

அஸ்தமனமானதும் இருட்டிவிடாது. நிலநடுக்கோட்டை ஒட்டி, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்க 20 முதல் 25 நிமிடம் போதும். அஸ்தமனத்துக்கு 15 நிமிடம் கழித்து விளக்கு எரியும்படி வைத்தால் பொருத்தமாக இருக்கும். 60 டிகிரியில் மார்ச்சிலேயே இது 40 நிமிடத்தைத் தாண்டும், ஜூனில் இன்னும் நீளும். அங்கே நிமிடக் கணக்குக்குப் பதில் டிகிரிக் கணக்கில் அந்தியை அமைக்கும் மாடல்தான் சரி. நள்ளிரவில் அணைத்து 5 மணிக்கு மீண்டும் போடும் வசதியையும் சோதியுங்கள். 60 டிகிரியில் ஜூனில் 5 மணிக்கு வெகு முன்பே விடிந்துவிடும். அன்று காலை ஆன் கட்டளையைத் தானே தவிர்க்கும் டைமர்தான் நல்ல டைமர்.

வயரிங்கில் சிக்கல் குறைவு. ரிலே முனைகள் பெரும்பாலும் டைமரின் மின் இணைப்போடு சேராமல் தனித்தவை. ஃபேஸ் (மின்சாரம் வரும்) வயரிலிருந்து ரிலேயின் பொதுமுனைக்கு ஒரு லூப் (இணைப்பு வயர்) போடாவிட்டால் டிக் சத்தம் கேட்கும், விளக்கு எரியாது. 16 ஆம்பியர் என்பதை நம்பி எல்இடிகளை நேரடியாகச் சேர்க்காதீர்கள். எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர்களில் உள்ள கெப்பாசிட்டர்கள் விளக்கைப் போட்ட நொடியில் இழுக்கும் மின்னோட்டம் ரிலே முனைகளை ஒட்டவைத்துவிடும். திரையில் ஆஃப், பட்டப்பகலில் விளக்கு எரிகிறது என்றால் இதுதான் நடந்திருக்கிறது. எல்இடிக்கென்று கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும் வாட்டைப் பாருங்கள். அதைத் தாண்டினால் இடையில் ஒரு கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) போடுங்கள், டைமர் அதன் காயிலை மட்டும் இயக்கட்டும்.