பட்டனுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் காரணம்: டிசைன் சிஸ்டத்துடன் சில ஆண்டுகள்

பெரிய பொது நிறுவனம் ஒன்றின் இணையச் சேவைகளுக்கு டிசைன் சிஸ்டம் அமைத்த குழுவில் இருந்தேன். பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்புகளையும் அவற்றின் நிரலையும் பயன்பாட்டு விளக்கத்தையும் ஒரே இடத்தில் தொகுத்து வைப்பதுதான் டிசைன் சிஸ்டம். இன்றும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன். பிரிட்டன் அரசு தன் கவ்.யூகே (GOV.UK) இணையச் சேவைகளுக்காக 2018இல் வெளியிட்ட டிசைன் சிஸ்டத்தை அடித்தளமாக எடுத்துக்கொண்டோம். அதன் நிரல் திறந்த மூலம், யாரும் எடுத்தாளலாம். எழுத்துருவும் இலச்சினையும் மட்டும் அவர்களுக்கே உரியவை.

தொடக்கக் கூட்டங்களில் பேச்செல்லாம் நிறத்தைப் பற்றித்தான். ஆனால் இத்தனை காலத்தில் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது, ஒவ்வோர் உறுப்புக்கும் பக்கத்தில் எழுதியிருந்த விளக்கம். எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது, ஏன் கூடாது என்று அது சொல்லும். அழுத்தினால் விரியும் தேர்வுப் பட்டியலை (டிராப்டவுன்) வேறு வழியே இல்லாதபோதுதான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. பலர் அதில் திணறுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பிறந்த தேதியைக் கேட்க நாட்காட்டி வேண்டாம், நாள், மாதம், ஆண்டு என மூன்று பெட்டிகள் போதும்.

எண் பெட்டியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. உலாவியே எண்களுக்கென ஓர் உள்ளீட்டு வகையைத் தரும்போது அதை ஏன் விலக்க வேண்டும் என்று புதிதாகச் சேரும் நிரலாளர்கள் கேட்பார்கள். கர்சர் பெட்டிக்குள் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சில உலாவிகளில் எண் மாறிவிடும். பக்கத்தைக் கீழே நகர்த்த நினைத்தவர் தம்மை அறியாமலே தவறான தொகையை அனுப்பிவிடுவார். சாதாரண எழுத்துப் பெட்டியை வைத்து, கைபேசியில் எண் விசைப்பலகை வரும்படி நிரலில் ஒரு பண்பைச் (attribute) சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. இந்தக் காரணம் எழுத்தில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியதில்லை.

நிரலை நகலெடுத்துத் தனியாகத் திருத்திக்கொண்ட பிரிவுகளும் இருந்தன. மாற்றுத்திறனாளிகளும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த உதவும் டபிள்யூசிஏஜி (WCAG) 2.2 அணுகல்தன்மை விதிகள் 2023 அக்டோபரில் வந்தபோது வித்தியாசம் தெரிந்தது. அழுத்தும் இடங்கள் பொதுவாகக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பொதுவான நிரல் தொகுப்பை அப்படியே பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் பதிப்பை உயர்த்திச் சோதித்ததோடு முடித்தார்கள். நகலெடுத்தவர்கள் பக்கம் பக்கமாகத் தேடித் திருத்தினார்கள். சோதனை மட்டும் எல்லோருக்கும் உண்டு. நல்ல உறுப்புகளை அடுக்கிய பக்கமும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் குழம்பலாம்.

குறையும் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி என்ற முறை, எப்போதோ ஒருமுறை விண்ணப்பிப்பவருக்கு மிக நல்லது. நாள் முழுவதும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஊழியருக்கு அது பெரும் சுமை. அவருக்கு நெருக்கமான அட்டவணையும் கீபோர்டு குறுக்குவழிகளும் வேண்டும். பொதுமக்களுக்கான உறுப்புகளை அப்படியே ஊழியர் திரையில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊழியர்களின் அருகில் உட்கார்ந்து வேலையைக் கவனித்து, அந்தத் திரைகளுக்கான விளக்கங்களை இப்போது தனியாக எழுதி வருகிறோம்.