மஞ்சள் கரிசலாங்கண்ணி: பல வருடம் வளர்த்துப் பார்த்ததில்

கிணற்றடி ஓரத்திலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் மஞ்சள் கரிசலாங்கண்ணி வளர்த்து வருகிறேன். சாமந்தி, சூரியகாந்தியின் குடும்பம். வயல் வரப்பு, வாய்க்கால் கரை என்று ஈரம் உள்ள இடத்தில் தானாகவே படரும் நம் ஊர்ச் செடி. அழகுக்கும் ஆச்சு, கீரைக்கும் ஆச்சு.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில நர்சரிகளில் இதைக் கேட்டால் சிங்கப்பூர் டெய்சியை எடுத்து நீட்டுகிறார்கள். அதுவும் மஞ்சள் பூதான், அதுவும் படரும். ஆனால் அது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இடம் பிடித்தது. பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள். சிங்கப்பூர் டெய்சியின் இலை தடித்துப் பளபளவென்று, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நம்முடையது நீண்டு ஒடுங்கிய இலை. விரலால் தடவினால் இரண்டு பக்கமும் சொரசொரக்கும். இந்தச் சொரசொரப்பை ஒருமுறை தொட்டுப் பழகிவிட்டால் பிறகு குழப்பமே வராது. சமையலுக்குப் பறிக்கிற செடி என்பதால் இதில் நான் ரொம்பவே கறார்.

விதைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் வீட்டில் ஒரு கொடி கேட்டு வாங்கினால் போதும். முற்றாத, ரொம்ப இளசும் இல்லாத தண்டாக நாலைந்து கணு விட்டு நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுகிறேன். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு. வெயில் படாத இடத்தில் ஈரம் காயாமல் வைத்தால் சீக்கிரமே வேர் பிடித்துவிடும். அதைவிடச் சுலபம் பதியம் போடுவது: ஓடுகிற கொடியின் ஒரு கணுவை மண்ணில் அழுத்தி, மேலே சின்னக் கல்லை வைத்துவிடுங்கள். தாய்ச்செடியே ஊட்டிக்கொண்டிருப்பதால் வாடவே வாடாது. வேர் விட்டதும் நடுவில் வெட்டி எடுத்தால் தனிச் செடி. வெயில் காலத்தில் எனக்குக் கைகொடுப்பது இந்த முறைதான்.

மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும். ஐப்பசி அடைமழையில் மற்ற கீரைகள் அழுகும்போது இது மட்டும் தளதளவென்று நிற்கும். சித்திரை வெயில்தான் சோதனை. மொட்டைமாடியில் நுனி கருகும், பூ குறையும். அப்போது தரையை ஒட்டி ஒட்ட நறுக்கிவிட்டு, தொட்டியை நிழலுக்கு மாற்றி, தினமும் தண்ணீர் ஊற்றினால் திரும்பத் துளிர்க்கும். நறுக்காமல் விட்டால் அடித்தண்டு மொட்டையாகி, நுனியில் மட்டும் இலை நிற்கும். மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கிளையையே வெட்டிப் போட்டுவிடுவேன். சாப்பிடும் கீரைக்கு மருந்து அடிக்க மனசு வராது.

காலையில் பூ விரிந்ததும் கொசுத்தேனீக்கள் வந்துவிடும். அதனால் பறிக்கும்போது பூத்த தண்டுகளை விட்டுவிட்டு இளம் இலையாக எடுக்கிறேன். லேசான கசப்பு உண்டு. பாசிப்பருப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கடைந்தால் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். வள்ளலார் கரிசாலையைப் போற்றியதைச் சொல்லி, தினமும் பச்சையாகத் தின்னலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கீரையாகச் சமைப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். மருந்தாக எடுப்பவர்கள் சித்த மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தரையில் நடுபவர்கள் ஓரத்தில் செங்கல் பதித்துவிடுங்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டு, பக்கத்துப் பாத்திக்கும் போய்விடும்.