பழைய பிரிண்டர், புது ரவுட்டர்: வைஃபையா, லேன் கேபிளா, யூஎஸ்பியா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு லேசர் பிரிண்டர், தானே புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம், 2012-ல் வாங்கியது. கறுப்பு வெள்ளைதான். பட்டா, ஆதார், பிள்ளைகளின் ஒர்க்‌ஷீட் எல்லாம் அதில்தான். போன மாதம் ஃபைபர் இணைப்பை மாற்றினோம். புது ரவுட்டர் வந்த அன்றிலிருந்து பிரிண்டர் ஊமையாகிவிட்டது. இணைப்பு கொடுக்க வந்த தம்பி, "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க சார்" என்றார். பாதி டோனர் மிச்சம் இருக்கும்போது மனசு வருமா?

முதலில் வைஃபை. பழைய பிரிண்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை. புது ரவுட்டர் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் காட்டுகிறது. பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ3 என்ற புது வைஃபை பூட்டு வேறு. அது 2018-ல் வந்தது, 2012 பிரிண்டருக்கு அது எங்கே தெரியப்போகிறது? ரவுட்டரில் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-க்கு மாற்றி, பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைத்தேன். பிரிண்டரைத் தொடவே இல்லை, சிமிட்டிக்கொண்டிருந்த நீல விளக்கு நின்று எரிந்தது.

ஆனாலும் தாள் வரவில்லை. பிரிண்டரின் பட்டனை அழுத்திப் பிடித்து செட்டிங்ஸ் தாளை எடுத்துப் பார்த்தால், ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டருக்கான எண், 192.168.1.50. புது ரவுட்டரோ 192.168.29 வரிசையில் முகவரி கொடுக்கிறது. பழையது எப்போதோ நானே கையால் போட்டுவைத்த முகவரி! வரிசை வேறானால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. அதை ஆட்டோமேட்டிக்காக மாற்றி, கிடைத்த புது முகவரியை ரவுட்டரிலேயே பிரிண்டருக்கென்று ஒதுக்கிவைத்ததும் தாள் வந்தது. பலர் வைஃபையைத் திட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உண்மையான குற்றவாளி இதுதான் என்பது என் எண்ணம்.

வீடு முழுவதையும் டபிள்யூபிஏ2-க்கு இறக்க மனமில்லாமல், பிரிண்டருக்கு மட்டும் கெஸ்ட் நெட்வொர்க், அதாவது விருந்தாளிகளுக்கான தனி வைஃபை, போட்டும் பார்த்தேன். இணைந்தது, ஆனால் மொபைலின் கண்ணில் படவில்லை. கெஸ்டில் இருப்பவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதுதானே அதன் வேலை. சில ரவுட்டர்களில் அந்தத் தடையை நீக்க வழி உண்டு, என்னுடையதில் இல்லை. இன்னொரு தொல்லை, கரண்ட் போய் வந்தால் ரவுட்டருக்கு முன்பே பிரிண்டர் விழித்துக்கொள்ளும், தேடும், சலித்துப் படுத்துவிடும். அப்புறம் போய் ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும்.

அடுத்து லேன் கேபிள். பின்பக்கம் அந்தத் துளை இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். பாஸ்வேர்டு இல்லை, 2.4, 5 என்ற பேச்சே இல்லை. ஐபி முகவரி மட்டும் சரியாக இருந்தால் போதும். 100 எம்பிபிஎஸ் வேகத் துளைகூட நம் பட்டாவுக்குத் தாராளம். கஷ்டம் வயரை இழுப்பதில்தான். பரணில் கிடந்த பழைய கேபிளை மாட்டினேன், வேலை செய்யவில்லை. முனையைப் பார்த்தால் உலோகப் பல்லில் பச்சை பூத்திருந்தது. தேவனாம்பட்டினம் கடற்காற்று வீசும் ஊரில் இது சகஜம். புதிதாகப் பத்து மீட்டர் கேட்6 வாங்கி ஜன்னலோரமாகக் கொண்டுபோனேன்.

யூஎஸ்பி மட்டும் உள்ளவர்களுக்குத்தான் சங்கடம். கேனான் எல்பிபி2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை பக்கத்தை வரையும் வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடுபவை. 1020-க்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைக் கம்ப்யூட்டர் ஏற்ற வேண்டும். அதனால் ரவுட்டரின் யூஎஸ்பியில் சொருகினால் பலிப்பது சந்தேகம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டி ஷேர் செய்யலாம், அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளைப் போட்டால் செலவு கூடினாலும் ஐபோனிலிருந்துகூட நேராக அச்சடிக்கலாம். ஆனால் வாங்கும் முன் டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருளை, பாருங்கள். இன்டெல் சிப்புக்கு எழுதிய டிரைவர் அதில் ஓடாது.

எங்கள் வீட்டில் கேபிள்தான் நிலைத்தது. இன்வெர்ட்டரில் மட்டும் லேசரை ஓட்டுவதில்லை. தாளைச் சுடவைக்கும் உருளை பல நூறு வாட் இழுப்பதால், கரண்ட் வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.