ரெண்டாயிரம் ரூபாய் இயர்போன்: சத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒயரைப் பாருங்கள்

போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு ரிப்பேர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இடது பக்கம் ஊமையாகிப்போன இயர்போன். ஜாக்கைப் பிடித்து ஒரு கோணத்தில் வளைத்தால் பாடும், விட்டால் நின்றுவிடும். அந்தக் கோணம் எதுவென்று உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்திருக்கும். கடைக்காரர் ஒயரை வெட்டி, உள்ளேயிருந்த தலைமுடி மாதிரிக் கம்பிகளைப் பிரித்துக் காட்டினார். சிவப்பு, பச்சை, செம்பு நிறம், நடுவில் ஒரு நூல். "இந்தக் கலரெல்லாம் வார்னிஷ் சார். இதைச் சுட்டு எடுக்காம ஈயம் ஒட்டாது, சுட்டா பாதி கம்பி சேர்ந்து போயிடும். 150 ரூபா குடுத்து ஒட்டிக்கிட்டுப் போவீங்க, மூணு மாசத்துல திரும்ப வருவீங்க." ஆள் நேர்மையானவர். இயர்போனுக்குள் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது, செத்தது ஒயர் மட்டும். அதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்து, இனி வாங்குவதாக இருந்தால் ஒயர் கழன்று வருகிற இயர்போன்தான் என்று முடிவு செய்தேன்.

பட்ஜெட் 2,000 ரூபாய், கொஞ்சம் முன்னே பின்னே. இந்த விலையில் எதிரே நிற்பவை மூன்று வகை. ஒயரே இல்லாத பட்ஸ், ஒயர் நிரந்தரமாக ஒட்டியிருக்கிற இயர்போன், ஒயர் கழலும் இயர்போன். மூன்றாவது வகையில் கடைசியாக நின்றவை இரண்டு: 7ஹெர்ட்ஸ் ஜீரோ 2, மூன்ட்ராப் சூ 2. இரண்டுமே சீனத் தயாரிப்பு, இரண்டுமே 2023-இல் வந்தவை. நான் வாங்கியது ஜீரோ 2. சூ 2 என் தங்கையுடையது. மூன்று வாரத்துக்குக் கடன் வாங்கி வைத்திருக்கிறேன். அதனால் இது மூன்று வார அனுபவம் மட்டுமே, அதுவும் நான் வாங்கியதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

ஒயர் இல்லாத பட்ஸைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வசதி என்று பார்த்தால் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓடலாம், பாத்திரம் கழுவலாம், போன் பேசலாம், யாரும் கையைத் தட்டிக் காதோடு பிடுங்கிவிட மாட்டார்கள். என் பிரச்சினை பேட்டரி. போனில் 5,000 எம்ஏஎச் இருக்கிறது என்றால் ஒரு பட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் 30, 40, 50 எம்ஏஎச் அளவுக் குட்டி பேட்டரி. எடுப்பதும் டப்பாவில் வைப்பதுமாக ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை சார்ஜ் ஏறும். லித்தியம் பேட்டரிக்குச் சில நூறு சார்ஜ்தான் ஆயுள், அப்புறம் கொள்ளளவு தேய ஆரம்பித்துவிடும். என்னிடம் முன்பு இருந்த ஒரு ஜோடி, கம்பெனி பெயர் வேண்டாம், இரண்டாவது வருடம் முடிவதற்குள் இடது பக்கம் மட்டும் அரை மணி நேரத்தில் கண்ணை மூடத் தொடங்கியது. சர்வீஸில் கேட்டால் பேட்டரி மாற்ற முடியாது, பசை போட்டு ஒட்டியது, வேண்டுமானால் புதுசுக்குக் கொஞ்சம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். வலது பக்கம் இன்னும் ஜோராகப் பாடுகிறது. ஒற்றைக் காதில் கேட்க ஆசைப்படுபவர்கள் சொல்லுங்கள், தருகிறேன்.

ஒட்டின ஒயர் இயர்போனில் எனக்குப் பேட்டரித் தொல்லை இல்லை, ஆனால் ரிச்சி தெருக் கதை உண்டு. சத்தத்தில் குறை சொல்ல முடியாத நல்ல இயர்போன்கள் இந்த வகையிலும் இருக்கின்றன. ஆனால் ஒயர் எங்கே உடையும் என்பது கிட்டத்தட்ட முன்கூட்டியே எழுதி வைத்ததுதான்: ஜாக் முடிந்து ஒயர் தொடங்கும் இடம், இல்லையென்றால் காதில் வைக்கும் குடுவைக்குள் ஒயர் நுழையும் இடம். கெட்டியான பகுதியும் மெத்தென்ற பகுதியும் சந்திக்கிற இடத்தில்தான் வளைவு முழுவதும் வந்து விழும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து உடைப்பது போலத்தான், ஜீன்ஸ் பாக்கெட்டில் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். மூன்ட்ராப் தானே முதலில் விட்ட சூ ஒட்டின ஒயரோடு வந்தது. சூ 2-இல்தான் கழலும் ஒயருக்கு மாறினார்கள்.

இனி கழலும் ஒயர். இங்கேதான் கடையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. கழலும் என்று போட்டிருந்தால் போதாது, எந்த வகையில் கழலும் என்று பார்க்க வேண்டும். ஜீரோ 2-வும் சூ 2-வும் 0.78 மி.மீ. இரட்டைப் பின். குடுவையில் இரண்டு சிறு துளை, ஒயர் முனையில் இரண்டு ஊசி, நேராக அழுத்தினால் உட்காரும். இந்த அளவில் ஒரு கம்பெனியின் ஒயர் பெரும்பாலும் மற்றதில் போகும், சாதா ஒயர் 400 ரூபாய் சுமாருக்குக் கிடைத்துவிடும். ஆபீஸில் நண்பர் வைத்திருக்கும் கேஇசட் இடிஎக்ஸ் ப்ரோவும் இரட்டைப் பின்தான், விலை இவற்றில் பாதிதான், ஆனால் அது 0.75 மி.மீ., துளையைச் சுற்றித் துருத்திக்கொண்டு ஒரு மேடு இருக்கும், ஒயர் முனையில் அதன்மேல் மூடுகிற ஒரு தொப்பி. அதற்கான ஒயரும் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் தனி வகை. 0.78-ஐ 0.75 துளையில் அமுக்கினால் துளை அகன்றுவிடும், அப்புறம் பழைய ஒயர் லொடலொடவென்று ஆடும். எம்எம்சிஎக்ஸ் என்று இன்னொரு வகை, பிரஸ் பட்டன் மாதிரி 'டக்' என்று மாட்டும், வட்டமாகச் சுழலும். சுழன்று சுழன்றே கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும் என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். காதுக்கொக்கி இல்லாத சாதா ஒயர் ஒன்றை மாற்றாக வாங்கி வைத்திருந்தேன். இரண்டாவது வாரம் அதை மாட்டிவிட்டுக் கேட்டால் பேஸையே, அதாவது கீழ் ஸ்தாயி ஒலியையே, காணோம். பாடகர் தலைக்கு நடுவில் நிற்காமல் புகை மாதிரி எங்கெங்கோ பரவியிருந்தார். ஸ்பீக்கர் போச்சு, 2,000 ரூபாய் போச்சு என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். விஷயம் என்னவென்றால் ஒரு பக்கத்து ஊசியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். வலது காதில் டயாபிரம், அதாவது ஸ்பீக்கரின் சவ்வு, முன்னால் தள்ளும்போது இடது காதில் பின்னால் இழுக்கும், இரண்டு காதும் ஒத்துப்போகாததால் பேஸ் காணாமல் போன மாதிரிக் கேட்கும். கழற்றித் திருப்பி மாட்டினதும் மிருதங்கம் திரும்பி வந்தது. கழலும் ஒயர் வாங்கியவர்கள் திடீரென்று பேஸ் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள். அப்புறம், தினமும் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்காதீர்கள். அது இருப்பது ஒயர் செத்தால் மாற்றுவதற்கு, துளைக்கும் ஓர் ஆயுள் உண்டு.

மிருதங்கம் என்றேன், சத்தத்துக்கு வருவோம். இரண்டிலும் ஒரு காதுக்கு ஒரே ஒரு 10 மி.மீ. டைனமிக் டிரைவர், அதாவது குட்டி ஸ்பீக்கர். இந்த விலையில் நாலைந்து டிரைவரை அடைத்துவைத்துப் பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒன்றை ஒழுங்காகச் சுருதி சேர்ப்பதே பெரிய வேலை. ஜீரோ 2-வைச் சுருதி சேர்த்ததில் கிரினகிள் என்ற சிங்கப்பூர் விமர்சகரின் பங்கும் உண்டு, பெட்டியிலேயே அவர் பெயர் இருக்கிறது.

நான் சோதித்த முறை சாதாரணமானது. தாம்பரம் பீச் லோக்கல் ரயிலில் போகும்போது ஒரு தனி ஆவர்த்தனம் (கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதி), இரவு வீட்டில் அதே பதிவு. மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்துத் தேய்த்துக் கும்கி எழுப்புவார்களே, 'ஊம்' என்று கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும், அதுதான் எனக்கு அளவுகோல். சாதாரண இயர்போனில் கும்கி ஒரு 'டும்' ஆகச் சுருங்கிவிடும். ஜீரோ 2-வில் அந்த வழுக்கல் முழுசாகக் கேட்டது, எங்கே தொடங்கி எங்கே போய் நின்றது என்பது வரைக்கும். சூ 2-விலும் கேட்டது, ஆனால் ஒரு சுற்று மெலிந்து. வலது முகமான வலந்தலையில் விரல் விழும் 'நம்', 'தின்' எல்லாம் சூ 2-வில்தான் இன்னும் கூர்மை, தம்புராவின் ரீங்காரமும் அதில்தான் தனித்தனி இழையாகப் பிரிந்து தெரிந்தது. இரவு பன்னிரண்டு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டால் சூ 2 என்று ஒரு நிமிடம் எனக்கே மனசு மாறியது. ஆனால் நான் அதிகம் கேட்பது ரயிலில். தண்டவாளத்தின் கடகட எல்லாம் கீழ் ஸ்தாயிதான், இயர்போனில் முதலில் அது விழுங்குவது பேஸைத்தான். கொஞ்சம் பேஸ் கூடுதலாக இருக்கிற இயர்போன் கிண்டி தாண்டும்போது சரியான அளவுக்கு வந்து நிற்கிறது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகுமே, அது ரயிலிலும் காதில் விழுந்தது ஜீரோ 2-வில்தான்.

நாதஸ்வரத்துக்கு ஒரு வரி. உச்ச ஸ்தாயியில் நீளமாகப் பிடிக்கும் இடங்களில் சூ 2 எனக்குக் கொஞ்சம் காதைக் குத்தியது, ஜீரோ 2 அந்த இடத்தில் சாது. தங்கைக்கு அப்படித் தோன்றவே இல்லையாம். காதுக்குக் காது மாறும்.

இந்தப் பத்திகளில் சொன்ன எதுவும் முதல் நாள் எனக்குத் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரித்துக் காதில் வைத்ததும் ஏமாற்றம்தான், டப்பாவுக்குள் இருந்து கேட்பது மாதிரி இருந்தது. தப்பு ரப்பர் டிப்பில். நடு அளவு போட்டிருந்தேன், அது என் வலது காதுத் துளையை முழுசாக அடைக்கவில்லை. காற்று போகிற சந்து இருந்தால் பேஸ் அதன் வழியே போய்விடும். வலதுக்குப் பெரிசு, இடதுக்கு நடு அளவு என்று மாற்றியதும் வேறு இயர்போன் ஆகிவிட்டது. எனக்கு இரண்டு காதும் இரண்டு அளவு என்று இத்தனை வயதுக்கு அப்புறம்தான் தெரிகிறது. 100 மணி நேரம் பாட விட்டால் சத்தம் திறந்துகொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். டிப்பை மாற்றிப் பாருங்கள், பத்து நொடியில் திறக்கும்.

உடம்பு விஷயத்தில் சூ 2 முந்துகிறது. முழுக்க உலோகம், சின்னது, காதுக்குள் அடக்கமாக உட்காரும், ஏசி அறையில் எடுத்து வைத்தால் முதல் நொடி ஜில்லென்று இருக்கும். ஒலி வெளியே வரும் மூக்கைத் திருகிக் கழற்றி மாற்றலாம், அழுக்கும் வியர்வையும் போய் அடைவது அந்த வலையில்தான் என்பதால் சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை. ஜீரோ 2-வில் முகப்பு மட்டும் உலோகம், மற்றது பிளாஸ்டிக். கொஞ்சம் பெரிசு. ஆனால் இலேசு, தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் காதில் இருந்தும் கனக்கவில்லை. ஒயர் கழலும் என்பதால் பராமரிப்பில் இரண்டும் சமம் என்று நினைத்திருந்தேன். அந்த மூக்கு விஷயத்தில் சூ 2-க்கு ஒரு மதிப்பெண் கூட. வலை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு நான் இரண்டையும் பயன்படுத்தவில்லை, அதனால் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று ஒரு மழைக்காலம் போனபிறகுதான் பேச முடியும்.

வாங்குவதற்கு முன் போனைப் பாருங்கள். 3.5 எம்எம் துளை இல்லையென்றால் டைப்-சி டாங்கிள் என்கிற குட்டி இணைப்பான் வேண்டும், அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். டாங்கிளிலும் இரண்டு ரகம். உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் சிக்னலை இயர்போனுக்கான சிக்னலாக மாற்றுவது) இருப்பது பெரும்பாலும் எதிலும் பாடும். வெறும் ஒயர் இணைப்பாக இருப்பது சில போன்களில் மட்டும்தான் வேலை செய்யும். மிக மலிவானதை வாங்கி, பாடவில்லை என்று இயர்போனைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜீரோ 2-வுக்குக் கொஞ்சம் வலு கூடுதலாக வேண்டும்: அது 32 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 108 டெசிபெல், சூ 2-வோ 18 ஓம், 119 டெசிபெல். டெசிபெல் எண் குறைந்தால் அதே வோல்ட்டில் சத்தமும் குறைவு என்று அர்த்தம். என் போனில் சூ 2-க்கு வால்யூம் எட்டுக் கட்டை போதும் என்றால் ஜீரோ 2-வுக்குப் பதினொன்று வைக்கிறேன். போதாமல் போகவில்லை, ஆனால் உங்கள் டாங்கிள் சத்தம் கம்மி ரகமாக இருந்தால் சூ 2 பாதுகாப்பு.

என்னுடையதில் மைக் இல்லை. போன் வந்தால் இயர்போனில் கேட்டுக்கொண்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பேசுகிறேன், பிஸ்கட் கடிக்கப் போகிற மாதிரி இருக்கும். நாள் முழுக்க மீட்டிங்கில் இருப்பவர்கள் ஒயர் இல்லாத பட்ஸையே வாங்குங்கள், நான் மேலே திட்டினதை மறந்துவிடுங்கள்.

தங்கை ஞாயிற்றுக்கிழமை வந்து சூ 2-வை வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள். "அண்ணா, என் ஒயரையும் சேர்த்துக் குடு, உன் முறுக்கு ஒயரை மாட்டி அனுப்பிடாதே" என்று நேற்றே எச்சரிக்கை. அவளுடையது எனக்குப் பிடித்துப் போனதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. 0.78-க்கு 0.78, இப்போதைக்கு அவள் ஒயர் என் ஜீரோ 2-வில்தான் இருக்கிறது.