காட்டன் என்று விற்ற ரேயான் சட்டை

ஈரோடு ஜவுளிச் சந்தையில் 320 ரூபாய்க்கு எடுத்த அரைக்கைச் சட்டை. கடைக்காரர் "சுத்தமான காட்டனுங்க" என்றார். தொட்டால் வழுவழு, பிடித்தால் தொங்கல், எனக்கு அப்பவே சந்தேகம். வீட்டில் உள்மடிப்பு ஓரத்தில் துணி இழை ஒன்றை உருவிக் கொளுத்தினேன் (தையல் நூலை எடுக்காதீங்க, அது பெரும்பாலும் பாலியெஸ்டர்). காகிதமாட்டம் எரிந்து சாம்பலானது. பாலியெஸ்டர் என்றால் உருகிக் கறுப்பு மணியாக இறுகியிருக்கும். ஆனால் காட்டனும் இப்படித்தான் எரியும். அதனால் இன்னொரு இழையை நனைத்து இழுத்தேன், பட்டென்று அறுந்தது. நனைந்த காட்டன் இப்படி அறாது. ரேயானேதான்.

மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் கரைசலாக்கி, நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சித்தான் இந்த இழை வருகிறது. நம்ம கோவை மாவட்டச் சிறுமுகையிலேயே முன்பு ஆலை இருந்தது, அதன் கழிவால் பவானி ஆறு பட்ட பாடு ஊருக்கே தெரியும். அடிப்படை செல்லுலோஸ் (செடி, மரங்களில் உள்ள நார்ப்பொருள்) என்பதால் வியர்வையைப் பருத்தியைவிட அதிகமாகவே இழுக்கும். பாலியெஸ்டர் ஈரத்தை ஏற்பதே இல்லை என்று சொல்லலாம். சித்திரை வெயிலுக்கு இதைவிடச் சுகமான சட்டை என்னிடம் இல்லை.

துவைப்பதுதான் தொல்லை. நனைந்தால் ரேயான் கிட்டத்தட்ட பாதி வலுவை இழந்துவிடும், பருத்தி நேர்மாறு. கல்லில் அடிக்காதீங்க, முறுக்கிப் பிழியாதீங்க. முதல் அலசலிலேயே நீளம் சுருங்கியது, ஒரு அளவு பெரிதாக எடுங்க. காலர் தையல் சுமார்தான். ரேயான் என்று சொல்லியே விற்றிருந்தாலும் இந்த விலைக்கு வாங்கியிருப்பேன்.