ஐலா திருவிழாவுக்குப் பாய்மரப் படகா, ஃபெர்ரியா?

முதலில் பெயர்ப் பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். Islay என்ற எழுத்தைப் பார்த்து ‘இஸ்லே’ என்று சொன்னால் அங்கே யாரும் திருத்த மாட்டார்கள், லேசாகச் சிரிப்பார்கள். ‘ஐலா’ என்பதுதான் சரி. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், உள் ஹெப்ரிடீஸ் தீவுகளின் தென்கோடியில் இருக்கும் தீவு. மக்கள்தொகை சுமார் 3,000. 1983-இல் மூடிய போர்ட் எலன் வடிசாலை 2024-இல் மறுபடி திறந்ததோடு விஸ்கி வடிசாலைகள் பத்து. மே கடைசியில் ‘ஃபேஷ் ஈலா’ என்ற திருவிழா வரும்போது உள்ளூர்க்காரர்களைவிட வெளியூர்க் கூட்டம் அதிகமாகிவிடும். 1980-களின் நடுவில் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்குக்கும் பாட்டுக்கும் நாடகத்துக்குமாகத் தொடங்கிய விழா இது. வடிசாலைகள் பிறகு வந்து சேர்ந்து பந்தலையே பிடித்துக்கொண்டன.

இந்த வாரத்துக்குப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடல் வழியாகப் போவதா, எல்லோரையும் போல ஃபெர்ரியில் போய் அறை எடுத்துத் தங்குவதா? இரண்டு வழியிலும் போனவன் என்பதால் என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். திருவிழாவுக்கு ஃபெர்ரி. படகுக்கு வேறு மாதம், முடிந்தால் வேறு தீவு.

படகின் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. திருவிழா வாரத்தில் ஐலாவில் அறை கிடைக்காது. இந்த வருடம் வந்தவர்கள் கிளம்பும்போதே அடுத்த வருடத்துக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போகிறார்கள். படகில் போனால் அந்தக் கவலை இல்லை, வீட்டையே கூட இழுத்துக்கொண்டு போகிறோம். ஆறு பேர் சேர்ந்தால் செலவும் பங்காகிவிடும்.

இன்னொன்று, கடலிலிருந்து பார்க்கும் காட்சி. ஐலா வடிசாலைகள் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டவை. வாற்கோதுமையும் நிலக்கரியும் வந்ததும், பீப்பாய்கள் போனதும் ஒரு காலத்தில் கடல் வழியாகத்தான். வெள்ளையடித்த சுவரில் ஆள் உயரத்தை மிஞ்சிய கறுப்பு எழுத்தில் பெயர் எழுதியிருப்பார்கள். சாலை வழியாக வந்தால் நாம் கொல்லைப்புறமாக நுழைகிறோம். தெற்குக் கரையில் படகு மெதுவாகப் போகும்போது லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்று ஒவ்வொரு சுவராகத் திரும்பி வரும் பாருங்கள், அது ஃபெர்ரிக்காரருக்குக் கிடைக்காத தரிசனம். லகவூலின் குடாவின் வாசலில் டன்னிவெக் கோட்டை இடிந்து கிடக்கிறது, தீவுகளை ஆண்ட மக்டொனால்டுகளின் கப்பல்கள் நின்ற இடம். வழி குறுகல், ஆழம் குறைவு, இரண்டு பக்கமும் பாறை. உள்ளே நுழையும்வரை எங்கள் படகில் யாரும் பேசவில்லை.

வடகிழக்கே ஐலாவுக்கும் ஜூராவுக்கும் நடுவில் ஒரு நீரிணை. கேலிக் மொழியில் அதன் பெயர்தான் ‘கல் ஈலா’, அந்தக் கரையில் இருக்கும் வடிசாலைக்கும் அதே பெயர். கடலைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி. இருட்டிய பிறகு உள்ளே விளக்கு எரியும்போது ஆறு செப்புக் கொதிகலன்களும் வரிசையாகத் தெரியும். கொஞ்சம் வடக்கே போனால் புனஹாவன். அதன் பக்கத்தில் 1974-இல் கரைதட்டிய ‘வயர் மஜெஸ்டிக்’ என்ற மீன்பிடிக் கப்பல் இன்றும் துருப்பிடித்து நிற்கிறது. கப்பலோட்டிகளுக்கு அது ஒரு திருஷ்டிப் பொம்மை மாதிரி.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் படகு வேண்டாம் என்கிறேன்?

திருவிழாவின் நாள் வரிசையைப் பாருங்கள். சிறு மாற்றங்கள் இருந்தாலும் பழைய வழக்கம் இதுதான்: முதல் சனி லகவூலின், ஞாயிறு ப்ருக்லாடி, திங்கள் கல் ஈலா, செவ்வாய் லஃப்ராய்க், புதன் போமோர், வியாழன் கில்ஹோமன், வெள்ளி புனஹாவன், கடைசிச் சனி ஆர்ட்பெக். வரைபடத்தில் விரல் வைத்து இதே வரிசையில் போய்ப் பாருங்கள். தெற்கு, மேற்கு, வடகிழக்கு, மறுபடி தெற்கு, நடு, மேற்கு, வடக்கு, திரும்பவும் தெற்கு. சாலையில் இது ஒன்றுமே இல்லை, எந்த வடிசாலைக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடலில் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பயணம்.

தெற்கிலிருந்து ப்ருக்லாடிக்குப் போக ‘ஓ’ முனையைச் சுற்ற வேண்டும். செங்குத்துப் பாறை, அதன் அடியில் நீரோட்டங்கள் மோதிக் கொந்தளிக்கும் கடல். மேலே நிற்கும் கல்தூண், 1918-இல் இந்தப் பக்கம் மூழ்கிய இரண்டு துருப்புக் கப்பல்களில் இறந்த அமெரிக்கர்களுக்கானது. அதைத் தாண்டி லாக் இண்டால் குடாவுக்குள் நுழைந்தால் தென்மேற்குக் காற்றுக்கு நேராக வாயைத் திறந்துகொண்டிருக்கும் இடம், மறைவே கிடையாது. போமோர் துறையில் அடிக்கட்டை ஆழமாக இறங்கும் படகுக்குத் தண்ணீர் போதாது. கல் ஈலா நீரிணையில் நீரோட்டம் 5 நாட் வரை, அதாவது மணிக்கு 5 கடல் மைல் வரை ஓடும். நம் படகே 5, 6 நாட்தான் போகும். எதிரோட்டத்தில் மாட்டினால் பாய் புடைத்து, தண்ணீர் கிழிபட, கரையில் அதே ஆடு அதே இடத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். ஓட்டம் திரும்பும் நேரம் விடிகாலை நான்கு மணி என்றால் நான்கு மணிக்குத்தான் கிளம்ப வேண்டும், முந்தின ராத்திரி கேய்லி என்ற ஊர்க்கூட்ட நடனம் எத்தனை மணிக்கு முடிந்திருந்தாலும். கில்ஹோமன் ஒரு பண்ணைக்குள் இருக்கிறது, அங்கே படகில் போகிற பேச்சே இல்லை.

கடைசியில் என்ன நடக்கிறது என்றால், படகில் வந்தவர்களில் பாதிப் பேர் தெற்குக் கரையின் போர்ட் எலன் ஊர் மிதவைத் துறையில் கட்டிப்போட்டுவிட்டு வாரம் முழுக்கப் பேருந்துக்கு நிற்கிறார்கள். அப்போது அது படகு இல்லை, ஆடும் லாட்ஜ். பாய்மரத்தில் கயிறு ராத்திரி முழுக்க டக் டக் என்று அடிக்கும். அதுவும் நம் படகுக் கயிறாக இருக்காது, பக்கத்துப் படகு. எழுந்து போய் இழுத்துக் கட்டவும் முடியாது.

அப்புறம் குடி. விஸ்கித் திருவிழாவுக்குப் போவதே அதற்குத்தானே. ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுபவருக்கு 2014 டிசம்பரிலிருந்து வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் இது 80. அதனால் காரில் வருபவருக்கு வடிசாலையிலேயே சின்னப் புட்டியில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள், அறைக்குப் போய்க் குடித்துக்கொள்ளலாம். உல்லாசப் படகு ஓட்டுபவருக்கு அப்படி ஒரு எண் நடைமுறையில் இல்லை. அதற்காகக் கடல் விட்டுக்கொடுக்காது. பெரிய படகைவிட எனக்குப் பயம், ராத்திரி பப்பிலிருந்து படகுக்குத் திரும்பும் அந்தச் சின்ன ரப்பர் தோணியில்தான். மே மாதத்தில் தண்ணீர் 10 டிகிரிக்குப் பக்கம். குடித்தவன் தவறி விழுந்தால் நீச்சல் தெரிந்தும் கை வராது. எங்கள் மாலுமி ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்: நங்கூரம் போட்ட பிறகுதான் மூடி திறக்கும், கரைக்குப் போனால் ஒருவர் தொடக் கூடாது. ஆறு பேரில் தினம் ஒருவர் விரதம். திருவிழா நடுவில் இந்த விரதம் யார் தலையில் விழுகிறது என்பதில் நட்பே கெடும்.

ஃபெர்ரி பக்கம் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதன் அழகு. கிளாஸ்கோவிலிருந்து பேருந்தில் மூன்றரை மணி நேரத்தில் கென்னகிரேக் துறைமுகம். அங்கிருந்து கால்மாக் என்ற ஃபெர்ரி நிறுவனத்தின் கப்பலில் இரண்டு மணி நேரம் சொச்சம். காருக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, நடந்து ஏறுபவருக்குக் கவலை இல்லை. டிக்கெட் விலையும் ஒரு நல்ல விஸ்கி ஒரு மிடறுக்குக் கொடுக்கும் விலைதான். போர்ட் எலனில் இறங்கினால் அங்கிருந்து ஆர்ட்பெக் வரை சுமார் 5 கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள். லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றும் அந்த ஒரே பாதையில். லஃப்ராய்க் வருவது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். பீட் என்பது சதுப்பு நிலத்துச் செடிகொடி மக்கி இறுகிய மண். அதை எரித்த புகையில் முளைகட்டிய தானியத்தை உலர்த்துவதால் வரும் வாசனை அது. பள்ளிக்கூடத்தில் முழங்கால் சிராய்ப்புக்கு டிங்சர் போட்டுவிட்ட ஞாபகம் உங்களுக்கு வரவில்லை என்றால் நீங்கள் விழாமல் வளர்ந்த பிள்ளை. தங்க அறை இல்லாவிட்டால் கூடாரம். நான் அப்படித்தான் தங்கினேன், மூன்று ராத்திரி மழை. ஆனாலும் எந்த நடனத்தையும் பாதியில் விட்டு நீரோட்ட அட்டவணை பார்க்க ஓடவில்லை.

சரி, படகு ஆசை விடவில்லை என்றால்? அதற்கு வடக்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. மேற்குக் கரைத் துறைமுகமான ஓபன் ஊரிலேயே 1794-இல் தொடங்கிய வடிசாலை, ஊர் நடுவில். அங்கிருந்து மல் நீரிணை வழியாக மல் தீவின் டோபர்மோரி. வண்ண வண்ண வீடுகள் வரிசையாக நிற்கும் துறைமுகம், மிதவைத் துறையிலிருந்து சில நிமிட நடையில் 1798-இல் தொடங்கிய வடிசாலை. பிறகு ஆர்ட்னமர்ஹன் முனையைத் தாண்டி, ரும், கன்னா தீவுகளைக் கடந்து ஸ்கை தீவின் லாக் ஹார்போர்ட். அதன் உள்ளே கார்போஸ்ட் கிராமத்தில் 1830-இல் தொடங்கிய டாலிஸ்கர், எதிரிலேயே படகு கட்டும் மிதவைகள். வடிசாலைகள் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் திரும்பித் திரும்பி ஓட வேண்டாம். ஒரு நாள் கடல், ஒரு நாள் கரை. வாரம் சரியாக நிறையும்.

ஐலாதான் வேண்டும் என்றால் திருவிழா முடிந்த பிறகு, ஜூன் முதல் பாதியில் போங்கள். ஜூரா தீவின் கிரேக்ஹவுஸில் மிதவையில் கட்டினால் வடிசாலையும் பப்பும் எதிரிலேயே, அந்தத் தீவுக்கு உள்ளவை அவ்வளவுதான், மீதி எல்லாம் மான். அங்கே இரண்டு நாள் இருந்துவிட்டு ஓட்டம் சாதகமாக இருக்கும் நேரம் ஐலாவுக்குத் தாண்டலாம். ஜூலை, ஆகஸ்டில் பல வடிசாலைகள் பழுதுபார்க்கச் சில வாரம் அடுப்பை அணைத்துவிடும், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மாலுமி இல்லாமல் நீங்களே ஓட்டுவதாக இருந்தால் வாடகைக்குக் கொடுப்பவர்கள் சான்றிதழ் கேட்பார்கள், கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் படகு தோற்கவே தோற்காது, புட்டிகள். திருவிழாவுக்கென்றே ஒவ்வொரு வடிசாலையும் தனிப் பதிப்பு ஒன்றை விற்கும், விடிவதற்குள் வரிசை நிற்கும். ஊருக்கு விமானத்தில் கொண்டுபோக 70 சதவீதம்வரை ஆல்கஹால் உள்ள சரக்கு ஆளுக்கு 5 லிட்டர், இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் 2 லிட்டர்தான். படகில் அந்தக் கணக்கெல்லாம் இல்லை. நாங்கள் வாங்கியதை எல்லாம் தரைப்பலகைக்குக் கீழே, படகின் அடிவயிற்றில் அடுக்கிவைத்தோம். அங்கே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் என்று மாலுமி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஓபனில் எடுத்துப் பார்த்தால் லேபிள் எல்லாம் ஊறிக் கழன்று கூழாகக் கிடக்கிறது. புகை வாசனைக் கல் ஈலா எது, அந்த வாசனை இல்லாத புனஹாவன் எது என்று பிரிக்க, அத்தனையையும் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.